லீவர் இல்லாத பிஸ்டலை இடுப்பில் வைக்கலாமா?

கேள்வி: 3 ஜூன் 2024

பண்டாரவளையில் நகை அடகு பிடிக்கும் நிறுவனமொன்றில் ஆயுதம் தாங்கிய காவலராகச் சேர்ந்திருக்கிறேன். இதுவரை பழைய ரிவோல்வர் ஒன்றைத் தந்திருந்தார்கள். அடுத்த மாதம் முதல் க்ளொக் 17 பிஸ்டல் தரப்போவதாகச் சொல்கிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன், பக்கவாட்டில் பெருவிரலால் தள்ளிப் பூட்டும் சேஃப்டி லீவர் எதுவுமே இல்லை. கொழும்பில் பல வருடம் காவல் வேலை பார்த்த என் மாமா, சேஃப்டி இல்லாத துவக்கைத் தொடாதே, லீவர் உள்ளதாகக் கேட்டு வாங்கு என்கிறார். அவர் சொல்வது சரிதானா?

3 ஜூன் 2024, இரவு

தம்பி, நீங்கள் சேஃப்டி இல்லை என்று எழுதியிருப்பது லீவர் இல்லை என்பதைத்தான். க்ளொக்கில் சேஃப்டி இருக்கிறது, அது வெளியே தெரிவதில்லை. விசையின் முகத்தில் ஒரு சின்ன நாக்கு இருக்கிறதல்லவா, விரல் அதை நேராக அழுத்தினால் ஒழிய விசை பின்னால் நகராது. இரண்டாவது, ரவையின் பின்புறத்தை அடிக்கும் ஊசியின் பாதையில் ஓர் உருளை குறுக்கே நிற்கிறது. விசையை இழுக்கும்போது மட்டும் அது மேலே தள்ளப்பட்டு வழி விடும். மூன்றாவது, விசையோடு இணைந்த தண்டு ஒரு பள்ளத்தில் பொருந்தி இருப்பதால், பிஸ்டல் கீழே விழுந்தாலும் ஊசி தானாக விடுபடாது. விசையை இழுத்தால் மூன்றும் வரிசையாக விலகும், விட்டால் மூன்றும் பழைய இடத்துக்கு வரும். ஒஸ்திரிய இராணுவம் 1982 இல் இதை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அடிப்படை ஏற்பாடு இதுதான்.

ஆகவே விழுந்தால், இடிபட்டால், வாகனம் குலுங்கினால் வெடிக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் விசைக்குள் எது நுழைந்து பின்னால் இழுத்தாலும் அது சுடும். இழுத்தது விரலா, சட்டை நுனியா என்று பார்க்காது. மாமா இதை நினைத்துத்தான் சொல்கிறார் என்றால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

நான் எழுதுவதை எந்த அனுபவத்தில் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டச் சம்பளம் காசாகக் கொடுக்கப்பட்ட காலத்தில், பத்தாம் திகதிச் சம்பளத்துக்காக ஹட்டனில் வங்கியிலிருந்து பணம் எடுத்து டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகும் வாகனங்களில் காவலுக்குப் போயிருக்கிறேன். பின்னர் அதே நிறுவனத்தில் ஆயுத அறையின் பொறுப்பு என்னிடம் வந்தது. பல நாட்டுப் பிஸ்டல்கள் அங்கே கலந்து கிடந்தன. சுட்டதைவிட அவற்றைத் துடைத்ததும் பூட்டி வைத்ததும்தான் அதிகம்.

5 ஜூன் 2024

கண்டியிலிருந்து ஒருவர், பிஸ்டல் கண்டுபிடித்த காலத்திலிருந்தே லீவர் இருக்கிறது, அதை எடுத்தது செலவைக் குறைக்கத்தான் என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. லீவர் ஏன் வந்தது என்பதைப் பார்த்தால் அதன் வேலை என்ன என்பதும் தெரிந்துவிடும்.

ஜோன் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டலை அமெரிக்க இராணுவம் 1911 இல் ஏற்றுக்கொண்டது, பிஸ்டலுக்கும் 1911 என்பதே பெயராயிற்று. அதற்கு முந்திய 1910 மாதிரியில் பெருவிரலால் தள்ளும் லீவர் கிடையாது, பிடியின் பின்புறத்தில் உள்ளங்கை அழுத்தினால்தான் விசை நகரும் ஏற்பாடு மட்டுமே இருந்தது. குதிரைப்படைதான் லீவரைக் கேட்டு வாங்கியது. குதிரைமேல் இருப்பவன் ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்திருப்பான், மறுகையில், ஊசியை அடிக்கும் சுத்தியல் பின்னுக்கு ஏறிய பிஸ்டல் இருக்கும், குதிரையோ துள்ளிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சுத்தியலைப் பெருவிரலால் மெல்ல இறக்கி வைப்பது நடக்கிற காரியமில்லை. ஒரு கையாலேயே பிஸ்டலை அடக்கி உறையில் போட அவனுக்கு வழி வேண்டியிருந்தது, லீவர் அதற்காக வந்தது.

கவனித்தீர்களா, லீவர் பிறந்தது கைக்காக. சுட்டு முடித்து, அடுத்துச் சுடலாமா வேண்டாமா என்று தெரியாமல், கையில் பிடித்தபடி நிற்கிற அந்த இடைவெளிக்காக. கீழே விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அது பதிலாக வரவில்லை. 1911 இன் லீவரை மேலே தள்ளினால், சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கித் துண்டான சியர் அசையாமல் பூட்டப்படும். அடிக்கும் ஊசியை அந்த லீவர் தொடுவதே இல்லை. பிஸ்டல் குழல்முனை கீழாகப் போதிய உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்தால், லீவர் போட்டிருந்தாலும், ஊசி தன் கனத்தாலேயே ஸ்பிரிங்கை மீறி முன்னே ஓடி ரவையை அடிக்க இடமிருக்கிறது. இதைத் தடுக்க கோல்ட் நிறுவனமே 1930 களின் பிற்பகுதியில் ஊசியை மறிக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்து பார்த்துக் கைவிட்டது, பிறகு 1980 களில் வந்த எண்பதாம் வரிசையில் வேறு வடிவத்தில் மீண்டும் சேர்த்தது.

உள்ளே இருக்கும் மறிப்பு விழுவதற்கு, வெளியே இருக்கும் லீவர் கைக்கு. ஒன்றின் வேலையை மற்றதிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பதுதான் மாமாவுக்கு என் பதில்.

6 ஜூன் 2024

அப்படியானால் 1911 இல் லீவரே தேவையில்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிச்சயமாகத் தேவை. அதன் விசை குறுகியது, ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை கிலோ இழுப்புக்கே சுத்தியல் விழுந்துவிடும். சுத்தியல் ஏறிய நிலையில் லீவர் இல்லாமல் அதை உறையில் வைப்பது எந்த நாட்டிலும் யாரும் சொல்லிக்கொடுக்காத வழக்கம். இறம்பொடைச் சரிவில் லொறியை நிறுத்துகிறவர் ஹேண்ட் பிரேக்கையும் இழுப்பார், சில்லுக்கு அடியில் கல்லையும் வைப்பார். இரண்டில் எது போதும் என்று அவரிடம் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்.

11 ஜூன் 2024

லீவரைப் பற்றி இதுவரை நாம் பேசாத ஒன்று அதன் திசை. ஆயுத அறையில் இருந்தபோது என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கோல்ட் 1911 இல் லீவர் கீழே இருந்தால் சுடும், மேலே இருந்தால் சுடாது. 1935 இல் வந்த பிரவுனிங் ஹை-பவரும் அப்படியே. செக் நாட்டு சீ.இசட். 75 உம் அப்படியே. பெரெட்டா 92 இல் கதை வேறு. 1970 களில் வந்த முதல் மாதிரியில் லீவர் உடற்பகுதியில்தான் இருந்தது, பிறகு அதை, மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடுக்கு மாற்றினார்கள். அமெரிக்க இராணுவம் 1985 இல் எடுத்துக்கொண்ட மாதிரியில் லீவரைக் கீழே தள்ளினால் சேஃப்டி விழும், சுத்தியலும் இறங்கிவிடும், மேலே தள்ளினால் சுடும். ஜேர்மனியின் வால்தர் பி.பி. 1929 இலேயே அந்த வழியைத் தொடங்கிவைத்தது. சோவியத்தின் மக்காரொவ் அதே வால்தரைப் பார்த்துச் செய்யப்பட்டது, லீவர் ஸ்லைடில்தான் இருக்கிறது, ஆனால் திசை மட்டும் தலைகீழ்: மேலே தள்ளினால் சேஃப்டி, கீழே தள்ளினால் சுடும்.

இப்போது ஒரே மேசையில் வால்தர் ஒன்றும் மக்காரொவ் ஒன்றும் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஒரு வருடமாக வால்தரை இடுப்பில் வைத்திருந்த காவலரிடம் அது பழுது பார்க்கப் போயிருக்கும் வாரத்துக்கு மக்காரொவைக் கொடுத்து அனுப்பினால், அவர் பழக்க தோஷத்தில் லீவரைக் கீழே தள்ளிவிட்டு, பூட்டிவிட்டேன் என்ற நம்பிக்கையோடு உறையில் வைப்பார். அவர் உண்மையில் செய்தது பூட்டைத் திறந்தது. மக்காரொவில் முதல் விசை இழுப்பு கனமானது என்பதால் உடனே ஆபத்து வராமல் போகலாம், ஆனால் ஆயுதத்தைப் பற்றி அவர் மனதில் இருக்கும் படமும் ஆயுதத்தின் நிலையும் அந்த நிமிடத்திலிருந்து வேறு வேறு.

எங்களிடம் நடந்தது இதற்கு எதிர்ப்பக்கம், ஆகவே சிரிப்போடு போயிற்று. ஹை-பவர் பழகிய ஒருவர் பயிற்சித் திடலில் பெரெட்டாவை வாங்கி, உறையிலிருந்து எடுத்த வேகத்தில் பெருவிரலால் லீவரைக் கீழே தட்டிவிட்டு இலக்கைப் பார்த்து விசையை இழுத்தார். விசை தொளதொளவென்று ஆடியது, ஒன்றும் நடக்கவில்லை. ரவை கெட்டுவிட்டது என்று நினைத்து ஸ்லைடை இழுத்தார், நல்ல ரவை துள்ளிப் புல்லில் விழுந்தது. மறுபடி விசை, மறுபடி ஸ்லைட். ரவைகளை அடுக்கி வைக்கும் மகசினில் இருந்ததெல்லாம் புல்லுக்குப் போகும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை, பயிற்சி கொடுத்தவர் உட்பட. திடலில் அது நகைச்சுவை. மலைப்பாதை வளைவில் வாகனத்தை மறித்தால் நகைச்சுவையாக இருக்காது.

அதற்குப் பிறகு நான் மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு நிலையத்துக்கு ஒரே வகைப் பிஸ்டல். லீவர் உள்ளதோ இல்லாததோ, எல்லோருக்கும் ஒன்று. தம்பி, உங்கள் நிறுவனம் எல்லோருக்கும் க்ளொக் தருகிறது என்றால் நீங்கள் மட்டும் தனியாக லீவர் உள்ளதைக் கேட்டு வாங்குவது மாமா நினைப்பதற்கு மாறான விளைவைத் தரும். முறை மாறும்போது உங்கள் கையிலிருப்பதை அடுத்தவர் வாங்குவார், அவர் பெருவிரலுக்கு அந்த லீவர் தெரியாது.

12 ஜூன் 2024

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. பல பிஸ்டல்களில் லீவர் சுடும் நிலையில் இருக்கும்போது ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், சேஃப்டி போட்டால் மறைந்துவிடும். சிவப்பு என்றால் சுடத் தயார். எங்கள் ஆட்களில் ஒருவர் முன்பு ரயில் கடவையில் வேலை பார்த்தவர். சிவப்பு என்றால் நிறுத்தம்தானே என்று அவர் கேட்டபோது பதில் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அவருக்கு மட்டும் புள்ளியைப் பார்க்காதே, லீவரை விரலால் தொட்டுப் பார் என்று சொல்லிவைத்தேன். பின்னர் யோசித்தபோது எல்லோருக்கும் சொல்ல வேண்டியதே அதுதான் என்று பட்டது, அதிகாலை மூடுபனியில் புள்ளி யாருக்குத்தான் தெரியும்?

20 ஜூன் 2024

பதுளையிலிருந்து எழுதியவர், லீவர் இருந்தால் குறைந்தபட்சம் ரவையை இறக்கும்போதாவது பாதுகாப்பு என்கிறார். இது பரவலான நம்பிக்கை, பாதிப் பிஸ்டல்களுக்குப் பொருந்தாது.

1911 இலும் ஹை-பவரிலும் லீவரைப் போட்டால் அது ஸ்லைடையும் சேர்த்துப் பூட்டும். ஸ்லைடை இழுக்காமல், குழலின் பின்முனையில் சுடுவதற்கு ரவை ஏறி நிற்கும் அறைக்குள் இருக்கும் ரவையை வெளியே எடுக்க முடியாது, இழுக்க வேண்டுமானால் லீவரைக் கீழே இறக்கத்தான் வேண்டும். அதாவது, விபத்து அதிகம் நடக்கும் அந்த நிமிடத்தில் லீவர் வேலையில் இருப்பதில்லை. பெரெட்டா 92 இல் மட்டும் பதுளை நண்பர் சொல்வது சரி, அங்கே சேஃப்டி போட்டபடியே ஸ்லைடை இழுத்து ரவையை இறக்கலாம். என்னைக் கேட்டால் ஸ்லைடில் இருக்கும் லீவருக்கு உள்ள மிகப் பெரிய பெருமை அதுதான். அதன் சிறுமையும் அதே இடத்தில் இருக்கிறது. அவசரத்தில் ஸ்லைடை இறுக்கிப் பிடித்து இழுக்கும்போது உள்ளங்கை பட்டு லீவர் கீழே போய்விடும், அடுத்த விசைக்குப் பிஸ்டல் பேசாது. அதனால்தான் விட்டவுடன் லீவர் தானாக மேலே திரும்பி வரும், சுத்தியலை இறக்க மட்டும் பயன்படும் மாதிரி ஒன்றையும் பெரெட்டா செய்தது.

ஹை-பவரைப் பற்றி இன்னொன்று. மகசினை வெளியே எடுத்துவிட்டால் அதன் விசை வேலை செய்யாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அறைக்குள் ஒரு ரவை இருக்க முடியும், மகசின் இல்லாததால் விசை இழுபட்டும் ஒன்றும் ஆகாமல் இருக்க முடியும். காவலர் விசையை இழுத்துப் பார்த்துவிட்டு வெறுமையாக இருக்கிறது என்று முடிவு செய்வார். பிறகு பூட்டி வைப்பதற்காக வெறும் மகசினை உள்ளே தள்ளுவார். அந்த வெறும் மகசின் உள்ளே போனதும் விசைக்கு உயிர் வந்துவிடும், அடுத்து விசையைத் தொட்டால் அறைக்குள் இருக்கும் ரவை வெடிக்கும். ஒரு சேஃப்டியே ஆளை ஏமாற்றும் இடம் இது.

ஆகவே எங்கள் ஆயுத அறையில் ரவை இறக்குவதற்கு ஒரே ஒழுங்குதான் இருந்தது. வாசலில், மேசைக்கு வெளிப்புறமாக, மணல் நிரப்பிய தகர வாளி ஒன்று சரிவாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். ஹட்டன் மழையில் அந்த மணல் எப்போதும் ஈரமாகவே இருக்கும், வாளியின் அடி துருப்பிடித்து மாற்றிக்கொண்டே இருந்தோம். குழல்முனை வாளிக்குள், விரல் விசைக்கு வெளியே. முதலில் மகசின் வெளியே வரும். அதன் பிறகே ஸ்லைட் பின்னால் போகும், ரவை துள்ளி விழும். ஸ்லைடைப் பின்னால் பூட்டி அறைக்குள் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு சுண்டுவிரல் நுனியை விட்டுத் தடவ வேண்டும். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்து ரவையைத் தள்ளிவிட்டுப் பிறகு மகசினை எடுத்தால், ஸ்லைட் முன்னே போகும்போதே மகசினிலிருந்து அடுத்த ரவை அறைக்குள் ஏறியிருக்கும். இரவு முறை முடிந்து வருகிறவர் செய்யக்கூடிய தவறு இது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேசைக்குப் பின்னால் இருப்பவர் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும்.

க்ளொக் வைத்திருக்கப்போகும் தம்பிக்குக் குறிப்பாக: அதைக் கழற்றித் துடைக்க வேண்டுமானால் முதலில் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும், வடிவமைப்பே அப்படி. அறையைப் பார்க்காமல் அதைச் செய்தால் என்ன நடக்கும் என்று எழுத வேண்டியதில்லை. வாளி இல்லாத இடத்தில் க்ளொக்கைக் கழற்றாதீர்கள்.

2 ஜூலை 2024

ரிவோல்வருக்கு சேஃப்டியே கிடையாது, வெள்ளைக்காரத் துரைமார் பங்களாவில் வெப்ளியை வைத்துக்கொண்டு காலம் தள்ளவில்லையா என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. ரிவோல்வரின் சேஃப்டி அதன் விசையின் கனம்தான். சுத்தியலை ஏற்றாமல் விசையை மட்டும் இழுத்துச் சுடும்போது விரல் நீண்ட தூரம், கனத்தை எதிர்த்துப் போக வேண்டும், போகிற வழியில் மூளைக்கு ஒரு கணம் கிடைக்கும். பெரெட்டாவின் முதல் இழுப்பும் அந்த இனம்தான், ஐந்து கிலோவுக்கு மேலே போகும். க்ளொக்கினுடையது இரண்டரை கிலோ அளவில் இருக்கும்.

நியூயோர்க் பொலிஸார் 1993 இல் ரிவோல்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறியபோது இதே கவலைதான் அவர்களுக்கும் இருந்தது. அவர்கள் லீவர் கேட்கவில்லை. விசையைக் கனமாக்கிக் கேட்டார்கள், அதற்கான ஸ்பிரிங்குக்கு இன்றைக்கும் நியூயோர்க் என்ற பெயர்தான் வழங்குகிறது. லீவர் ஒன்றே வழி என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். கனமான விசையால் குறி தவறுகிறது என்ற முறைப்பாடும் கூடவே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ரிவோல்வரிலிருந்து மாறுகிற தம்பிக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. உங்கள் விரல் கனத்துக்குப் பழகியிருக்கிறது. எடுக்கும்போதே விரல் விசையில் போய் உட்காரும் பழக்கம் இருந்தால், ரிவோல்வர் அதைப் பொறுத்துக்கொண்டது, க்ளொக் பொறுக்காது. லீவர் இல்லை என்பதைவிட இதுதான் உங்களுக்கு ஆபத்து.

9 ஜூலை 2024

உள்ளே இருக்கும் மறிப்பை நான் அளவுக்கு மேல் நம்புகிறேன் என்று பதுளை நண்பர் குத்திக்காட்டியிருக்கிறார், சிக் சாவர் பி320 ஐ உதாரணமும் காட்டியிருக்கிறார். அந்த உதாரணம் கனமானது. பி320 இல் ஊசியை மறிக்கும் துண்டு இருக்கத்தான் செய்தது. ஆனால் ஸ்லைடின் பின்பகுதி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தரையில் அடிபட்டபோது, விசையே தன் கனத்தால் பின்னால் ஓடியது. விசை ஓடினால் மறிப்பு விலகும், ஏனென்றால் விசை சொன்னால் விலகுவதுதான் அதன் வேலை. 2017 ஓகஸ்டில் தயாரிப்பாளர் கனம் குறைந்த விசை உட்பட சில பாகங்களை மாற்றித் தருவதாக அறிவித்தார். க்ளொக்கின் விசை முகத்தில் இருக்கும் நாக்கு எதற்கு என்று நான் முதலில் எழுதியதை இப்போது மறுபடி படித்துப் பாருங்கள். விரல் அழுத்தாமல், வெறும் அதிர்ச்சியால் விசை ஓடாதிருக்கவும் அது உதவுகிறது.

அதே பி320 இலிருந்து வந்த எம்17 ஐ அமெரிக்க இராணுவம் 2017 இல் தேர்ந்தெடுத்தபோது லீவரோடுதான் எடுத்தது. பொலிஸுக்குப் போனவற்றில் பெரும்பாலும் லீவர் இல்லை. காரணத்தை யோசித்தால், இராணுவத்தில் பிஸ்டல் பலர் கையில் மாறுகிறது, பலருக்கு அது இரண்டாவது ஆயுதம், மாதக்கணக்கில் உறையை விட்டு வெளியே வராது. அந்த நிலையில் லீவருக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஜூன் மாதத்தில் எழுதியபோது நான் தினமும் பயிற்சி எடுக்கும் ஆளையே மனதில் வைத்து எழுதினேன் போலிருக்கிறது. எங்கள் மலைநாட்டுக் காவலர்களில் எத்தனை பேருக்கு வருடத்துக்கு ஒரு மகசினாவது சுடக் கிடைக்கிறது? பயிற்சி குறைவான கைக்கு, ஒரே வகையாக இருக்கும் பட்சத்தில், லீவர் நல்லதுதான் என்று இப்போது சொல்வேன். ஆனால் அந்தக் கைக்கு லீவரைவிட நல்ல பூட்டு வேறொன்று இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

10 ஜூலை 2024

சீனத்தில் செய்த ரி-56 துவக்கின் சேஃப்டியில் எல்லாம் தெளிவாக இருக்கிறதே என்று ஒருவர். ஆம், நீளமான தகடு, மேலே சேஃப்டி, நடுவில் தொடர்ச்சுடு, அடியில் ஒற்றைச்சுடு, தள்ளும்போது கேட்கும் சத்தம் இந்த நாட்டில் யாருக்கும் மறக்காது. துவக்கில் அந்தத் தகட்டுக்கு இடமிருக்கிறது. பிஸ்டலில் இல்லை. அதே சீனத்தில் செய்த டொக்கரெவ் வகைப் பிஸ்டலில் லீவரே கிடையாது, சுத்தியலைப் பாதியில் நிறுத்தும் ஒரு வெட்டு மட்டும்தான் உண்டு. அந்த வெட்டைச் சேஃப்டி என்று நினைத்து, அறையில் ரவையோடு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேய்ந்த வெட்டு சுத்தியலைத் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. டொக்கரெவில் அறை காலியாகவே இருக்கட்டும்.

17 ஜூலை 2024

தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் இந்த வாரத்தில் இதை எழுதுவது பொருத்தம். குளிரும் ஈரமும் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கொழும்பு மாமாவுக்குத் தெரியாத பிரச்சினை இது.

நுவரெலியாவில் ஜனவரி விடியற்காலையில் கம்பளிக் கையுறையோடு பழைய ஹை-பவரின் லீவரைத் தள்ளிப் பாருங்கள். அது ஒரு பயற்றங்காய் நுனியளவுதான் இருக்கும், அதுவும் வழவழப்பாக. பெருவிரலுக்கு அது மேலே போனதா கீழே போனதா என்று தெரியாது. பிந்திய மாதிரிகளில் லீவரை அகலமாக்கினார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. லீவரை ஒவ்வொரு நிலையிலும் இருத்திவைக்கும் சின்ன ஸ்பிரிங் முளையில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து பசையானால், டக்கென்று விழ வேண்டிய லீவர் நடுவழியில் நிற்கும். அரைகுறையாக நிற்கும் லீவர் சேஃப்டியா இல்லையா என்று பிஸ்டலுக்கே தெரியாது. தோல் உறையிலேயே இரவு முழுக்க விட்டு வைப்பது மிக மோசம், தோல் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டும். பிஸ்டலைத் துடைத்து வெளியே வையுங்கள், உறையைத் தனியாகக் காயப் போடுங்கள்.

லீவர் இல்லாத பிஸ்டலுக்குக் குளிரில் வரும் ஆபத்து வேறு. மழைக்கு அணியும் ஜாக்கெட்டின் அடியில் இறுக்கிக் கட்டுவதற்கு ஒரு நாடாவும் அதன் நுனியில் பிளாஸ்டிக் குமிழும் தொங்குமல்லவா, பிஸ்டலை உறைக்குள் திரும்ப வைக்கும்போது அந்தக் குமிழ் விசை வளையத்துக்குள் சிக்கினால், கை கீழே தள்ளத் தள்ள நாடா விசையை இழுக்கும். பல நாடுகளில் பொலிஸாருக்கே இப்படிக் காலில் பட்டிருக்கிறது. எடுக்கும்போது வேகம் வேண்டும், வைக்கும்போது எந்த வேகமும் வேண்டாம். ஜாக்கெட்டை இடது கையால் விலக்கிப் பிடித்து, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக வைக்க வேண்டும். விசை வளையத்தை முழுதாக மூடும், வளையாத உறை வாங்குங்கள். தம்பி, நீங்கள் சந்தையில் வாங்கியதாக அனுப்பிய துணி உறையின் படத்தைப் பார்த்தேன். தயவுசெய்து அதைக் கத்தரிக்கோல் போட்டு வைக்கப் பயன்படுத்துங்கள்.

28 ஜூலை 2024

தம்பி எழுதியதைப் பார்த்தேன். நிறுவனம் எல்லோருக்கும் க்ளொக் கொடுத்துவிட்டது, ஒருநாள் பயிற்சியும் கொடுத்திருக்கிறது, அறையில் ரவை வைப்பதா வேண்டாமா என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. கடைசி விடயம் எனக்குப் பிடிக்கவில்லை. அது அவரவர் விருப்பத்துக்கு விடக்கூடிய ஒன்றல்ல. ஒரே கடையில் இரண்டு பேர் இரண்டு விதமாக வைத்திருந்தால், ஒருவர் பிஸ்டலை மற்றவர் கையில் கொடுக்கும்போது வால்தர், மக்காரொவ் கதைதான் மறுபடி.

நான் அன்று பிறகு எழுதுகிறேன் என்றது இதைத்தான். பயிற்சி குறைவாக இருக்கும்வரை மகசின் உள்ளே, அறை காலி. இஸ்ரேலியர்கள் நெடுங்காலம் இப்படித்தான் பழக்கினார்கள், பல நாட்டுப் பிஸ்டல்கள் கலந்து கிடந்ததால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே முறையாக அது அவர்களுக்கு உதவியது. ரவை அறையில் இல்லையென்றால் விழுந்தாலும் சுடாது, நாடா இழுத்தாலும் சுடாது, வீட்டில் குழந்தை எடுத்தாலும் ஸ்லைடை இழுக்கும் பலம் வரும்வரை சுடாது. அதன் குறையை மறைக்கப் போவதில்லை: தேவைப்படும் நேரத்தில் இரண்டு கையும் வேண்டும், ஒரு கை கதவையோ பணப்பெட்டியையோ பிடித்திருந்தால் கஷ்டம். சம்பளப் பணம் கொண்டுபோன வாகனத்தில் பெட்டியைத் தூக்குபவரும் ஆயுதம் வைத்திருப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது அதற்காகத்தான். அடகுக் கடை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இரண்டு கையும் காலியாகத்தான் இருக்கும். விரல் பழக்கம் மாறி, பயிற்சி கொடுப்பவர் திருப்தியடையும்வரை அறையைக் காலியாக வையுங்கள். எல்லோரும் அப்படியே வைக்க வேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

29 ஜூலை 2024

மாமா வெளிநாட்டிலிருந்து க்ளொக்குக்குப் பொருத்தும் லீவர் ஒன்றை வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறாராம். வேண்டாம். ஆயுதம் உங்களுடையதல்ல, 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கப்பட வேண்டிய பொருள், அதில் நீங்களாகக் கைவைத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதை விட்டாலும், உங்கள் பிஸ்டலில் மட்டும் ஒரு லீவர் முளைத்தால் ஜூன் 11 ஆம் திகதி எழுதியதைத் திரும்ப எழுத வேண்டிவரும். மாமாவிடம், அந்தப் பணத்துக்கு நல்லதொரு உறை வாங்கித் தரச் சொல்லுங்கள், வலக்கைக்கு.